20x-40x ஸ்டீரியோ நுணுக்குக்காட்டி: முல்லைத்தீவு மணலுக்கு இது காணும்

முடிவை முதல்லயே சொல்லிடுறன், வாங்கலாம், காசு வீண் போகாது. ஆனா எதுக்கு வாங்கிறியள் எண்டதைப் பொறுத்துத் தான். வெங்காயத் தோல், ரத்தம், பற்றீரியா உதுகளைப் பாக்கிறதுக்கு எண்டா இந்தப் பக்கமே வராதேங்கோ, அதுக்குப் பள்ளிக்கூடத்து லாப்பில கிடக்கிற சாதாரண நுணுக்குக்காட்டி தான் சரி. கடல் மணலுக்கையும் களப்புச் சேத்துக்கையும் கிடக்கிற ஃபொராமினிஃபெரா (சுருக்கமா ஃபொராம்) எண்ட ஒற்றைக் கல உயிரின்ர சின்ன ஓடுகளைப் பாக்க, பொறுக்க, இனம் இனமாப் பிரிச்சு வைக்க எண்டா, இந்த விலைக்கு இதை விட உருப்படியா ஒரு சாமான் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

நான் புதுக்குடியிருப்பில ஏஎல் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறனான். ஒன்லைனில வாங்கினது, கம்பனிப் பேர் சொல்லேல்லை, ஏனெண்டா இதே சாமான் நாலைஞ்சு பேரில ஒரே மாதிரித் தான் வருது, ஸ்டிக்கர் தான் வேற. விலை ஒரு மத்திமமான போன் வாங்கிற காசு. குரியர்காரர் முல்லைத்தீவு ரவுணில வந்து எடுக்கச் சொல்லிப்போட்டார், அது இஞ்ச எல்லாருக்கும் பழகின கதை. பெட்டிக்க ரெண்டு கண்ணால பாக்கிற தலை, 10 மடங்குப் பார்வைத்துண்டு ஒரு சோடி, 2 மடங்கும் 4 மடங்கும் மாத்திற பொருள்வில்லை, மேலயும் கீழயும் எல்ஈடி லைற், ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் வெள்ளையுமா ஒரு வட்டத் தட்டு. கண்ணில வைக்கிற ரப்பர் ஒண்டு குறைஞ்சு வந்தது, பிளக் எங்கட சொக்கெற்றுக்கு இறங்காத தட்டைப் பிளக். கடைக்காரருக்கு மெசேஜ் போட்டா பாத்த அடையாளம் மட்டும் விழுகுது, பதில் வாறதுக்கு ஒரு கிழமைக்கு மேல. ரப்பர் பிறகு வந்து சேந்தது, பிளக்குக்கு நான் இஞ்ச ஒரு கன்வேட்டர் வாங்கிப் போட்டன். சர்வீசுக்கு அரைவாசிப் புள்ளி கூடக் குடுக்க மனமில்லை, சாமானுக்கு மட்டும் தான் இந்த ரிவியூ.

ஏன் ஃபொராம் பாக்க இது தான் சரி எண்டதைக் கொஞ்சம் விரிவாச் சொல்ல வேணும், ஏனெண்டா கனபேர் நம்பரைப் பாத்துத் தான் வாங்கினம், 1000 மடங்கு எண்டு போட்டிருந்தா அது 40 மடங்கை விடத் திறம் எண்டு நினைக்கினம். ஃபொராம் எண்டுறது ஒரேயொரு கலம் தான், மிருகம் எண்டு கூடச் சொல்லேலாது, ஆனா அது தனக்கு ஒரு வீடு கட்டுது, பெரும்பாலும் கல்சியம் காபனேற்றில. வளர வளரப் புது அறை ஒண்டைச் சேத்துச் சேத்துக் கட்டும், அறைக்கும் அறைக்கும் இடையில துவாரம் இருக்கும். கனக்க இனங்கள் ஒரு மில்லிமீற்றரின்ர பத்தில ஒண்டில இருந்து ஒரு மில்லிமீற்றர் வரைக்கும் தான். அந்த அளவுச் சாமானுக்கு 20, 40 மடங்கு தாராளம். இதுக்கு வேண்டியது பெருப்பிக்கிறது இல்லை, ரெண்டு கண், மேல இருந்து விழுற வெளிச்சம், வில்லைக்குக் கீழ கை போற இடம். இந்த மூண்டும் இதில இருக்கு.

பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில மணலைப் போட்டுப் பாத்தா என்ன நடக்கும் எண்டா, லைற் கீழ இருந்து வருது, ஓடு தடிப்பம், அதால எல்லாம் கறுத்த குண்டுமணி மாதிரித் தான் தெரியும். அதோட படம் தலைகீழா, இடது வலது மாறி வரும், ஊசியை இடப்பக்கம் கொண்டுபோனா உள்ள வலப்பக்கம் போகுது, அதை வச்சுக்கொண்டு ஒரு ஓட்டைப் பொறுக்கிறது பெரிய சர்க்கஸ். மற்றது கணனியில செருகிற யூஎஸ்பி ஒண்டு, விலை கால்வாசி கூட இல்லை, என்னட்ட அதுவும் கிடக்கு. போட்டோ எடுக்க, வகுப்பில ரிவியில போட்டுக் காட்ட அது நல்லாத் தான் இருக்கு, அதைக் குறை சொல்லேல்லை. ஆனா 1000 மடங்கு எண்டு பெட்டியில போட்டிருக்கிறது ஸ்கிரீனில ஊதிப் பெருப்பிச்ச கணக்கு, அதில புதுசா ஒரு விபரமும் தெரியாது. கூடப் பெருப்பிக்கப் போனா முனை மணலில முட்டுற மாதிரிக் கிட்டப் போகுது, பிறகு ஓடு பொறுக்கிற ஈரப் பிறஸ்ஸை எங்கால விடுறது? படமும் கை அசைஞ்சு கொஞ்சம் பிந்தித் தான் வருது. ஸ்டீரியோவில அந்தப் பிரச்சினை இல்லை, ரெண்டு கண்ணுக்கும் ரெண்டு வழி இருக்கிறதால ஆழம் தெரியும், ஓட்டின்ர எந்தப் பக்கம் குவிஞ்சிருக்கு எந்தப் பக்கம் குழிஞ்சிருக்கு எண்டு கண் தானாப் பிடிச்சிடும்.

பார்வைத்துண்டில டபிள்யூஎஃப் 10எக்ஸ், பக்கத்தில 20 எண்டு போட்டிருக்கும், அந்த 20ஐப் பாத்து வாங்குங்கோ. அதைப் பொருள்வில்லையின்ர 2ஆல பிரிச்சா 10, அதாவது 20 மடங்கில பாக்கேக்க கண்ணுக்கு அம்பிடுறது 10 மில்லிமீற்றர் அகலம், 40 மடங்கில 5 மில்லிமீற்றர். அந்த நம்பர் சின்னனா இருந்தா குழாய்க்கால எட்டிப் பாக்கிற மாதிரி இருக்கும், அரை மணித்தியாலத்தில தலையிடி. ரெண்டு கண்ணுக்கும் இடைவெளியை ஒருக்காச் சரி பண்ணி, இடக்கண் பக்கத்து வளையத்தைத் திருப்பிக் கூர்மை வைச்சிட்டுப் பாத்தா ரெண்டு வட்டமும் ஒண்டாச் சேரும். பிள்ளையள் இதைச் செய்யாம ஒற்றைக் கண்ணால பாத்திட்டு "சேர் தெரியேல்லை" எண்டுவினம், அப்ப ஆளுக்காள் மாத்தி வைக்க வேணும்.

குறையெண்டு சொன்னா மேல் லைற். அது நேரா மேல இருந்து விழுறதால ஓடு எல்லாம் வெளிறிப் போய்த் தட்டையாத் தெரியுது. நான் அதை அணைச்சிட்டுச் சின்ன ரோச் லைற் ஒண்டைப் பக்கத்தில இருந்து, மேசையோட ஒட்டின மாதிரிச் சரிச்சுப் பிடிக்கிறன், உடன நிழல் விழுந்து அறைகளின்ர எல்லைக் கோடு, மேற்பரப்பில இருக்கிற நுண்ணிய துவாரம் எல்லாம் எழும்பி வந்திடும். இன்னொரு வேலை, ஓட்டில ஒரு சொட்டுத் தண்ணி விட்டா அது வெளிச்சத்தைக் கொஞ்சம் ஊடுபுகவிடும், உள்ளுக்க இருக்கிற அறைச் சுவர் தெரியும். பச்சைக் கலர் கேசரிப் பவுடரைக் கரைச்சுத் தொட்டு வைக்கிறதும் உண்டு, சாயம் பள்ளங்களில தங்கி மேடு பள்ளத்தைக் காட்டும், இது வீட்டு வைத்தியம் இல்லை, ஆய்வுகூடங்களிலயே உணவுச் சாயம் பாவிக்கிறவை.

இனி எங்கட மணல் விசயம். கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் போகப் போக மணல் கறுப்பு, இல்மனைற்றுக்குப் பேர்போன இடம் தானே, அதை அப்பிடியே தட்டில கொட்டினா ஓட்டைத் தேடிக் கண் பூத்துப்போகும். பழைய கணனி ஹார்ட் டிஸ்க்கை உடைச்சா உள்ளுக்க ஒரு காந்தம் கிடக்கு, சரியான பலம், அதைப் பொலித்தீனில சுத்தி மணலுக்கு மேலால கொண்டுபோனா கறுப்பில கன பங்கு ஏறிடும், பொலித்தீனைக் கழட்டினா கொட்டிண்டிடும். மிச்ச மணலைக் காய வைச்சு, நல்லாக் காயோணும், ஒரு வெள்ளைச் சட்டித் தண்ணியில மெல்லத் தூவுங்கோ. மணல் தாழும், ஃபொராம் ஓட்டுக்கு உள்ள காத்து இருக்கிறதால வெறும் ஓடுகள் கொஞ்சம் மிதக்கும், அதைக் கடதாசியால ஒத்தி எடுக்கலாம். எல்லாம் மிதக்காது, பாரமான தடிச்ச ஓடு மணலோட போயிடும், அதால இந்த முறையில எண்ணிக்கைக் கணக்கு எடுக்கப்படாது, பாக்கிறதுக்கு மட்டும்.

களப்புச் சேறு எண்டா வேற. ஆய்வுகூடத்தில 63 மைக்ரோன் சல்லடையில வைச்சுத் தண்ணி விட்டுக் களியைக் கழுவுவினம், அந்தப் பித்தளைச் சல்லடை ஒண்டின்ர விலையில இந்த நுணுக்குக்காட்டியில பாதி வாங்கலாம். நான் ரீசேட்டில பிரிண்ட் அடிக்கிற கடையில ஸ்கிரீன் நெற் வெட்டுத்துண்டு கேட்டு வாங்கி, ரெண்டு அங்குலப் பிவிசி பைப் துண்டில இழுத்து ஒட்டிப்போட்டன். அதில நாயாற்றுச் சேத்தைக் கழுவக் கழுவ, மண்ணிறத் தண்ணி ஓடி ஓடித் தெளிஞ்சு, கடைசியில ஒரு தேக்கரண்டி அளவு வெள்ளையும் மண்ணிறமுமாத் துகள் மிஞ்சும். அதுக்க தான் சாமான் இருக்கு.

தட்டில ஒரு சிட்டிகை தூவி 20 மடங்கில வைச்சா முதல்ல கண்ணாடி மாதிரிக் குவாட்ஸ் மணி, சிப்பித் துண்டு, கடல் முள்ளியின்ர முள்ளுத் துண்டு, சின்னச் சின்ன நத்தை. பிறகு மெல்ல ஒழுங்கான வடிவங்கள் பிடிபடும். களப்புச் சேத்தில கனக்க வாறது அம்மோனியா எண்ட இனம் (வாயு இல்லை, ஃபொராமுக்கும் அதே பேர் தான்), தட்டைச் சுருள், ஒரு பக்கம் பாத்தா எல்லாச் சுத்தும் தெரியும், பிரட்டினா கடைசிச் சுத்து மட்டும் தான், நடுவில ஒரு குமிழ். உப்புக் குறைஞ்சாலும் கூடினாலும் தாக்குப்பிடிக்கிற ஆள், அதால மழைக்கும் கோடைக்கும் உப்பு மாறுற எங்கட களப்புகளில அவருக்குக் கொண்டாட்டம். எல்ஃபீடியம் எண்டதில அறைக்கும் அறைக்கும் நடுவில பாலம் போட்ட மாதிரிச் சின்னக் குறுக்குக் கோடுகள் வரிசையா இருக்கும், 40 மடங்கில அது தெளிவாவே தெரியுது, இந்த மிஷினுக்கு நான் குடுக்கிற பெரிய புள்ளி அதுக்குத் தான். குயின்குவலொகுலினா பாலெண்டு வெள்ளை, பளபளப்பு, அறைகள் நீட்டு நீட்டா ஒண்டை ஒண்டு சுத்தி அடுக்கி உள்ளிப்பல்லுகள் சேந்திருக்கிற மாதிரி இருக்கும், வாயில ஒரு சின்னப் பல்லு கூட இருக்கு, அந்தப் பல்லைப் பாக்கத் தான் ஓட்டை நிமித்திப் பிடிக்க வேணும், 40 மடங்கு அப்ப மட்டுமட்டு.

ஒரு பொடியன் பாத்திட்டு, "சேர், இது நத்தை தானே, சும்மா சின்ன நத்தை" எண்டான். "தம்பி, அந்தப் பக்கத்தில கிடக்கிற உடைஞ்ச நத்தையைப் பார், உள்ளுக்க ஒரே குழாய். இதில உடைஞ்சதைப் பார், அறை அறையாச் சுவர் வைச்சிருக்கு" எண்டன். கொஞ்ச நேரம் தலையைத் தூக்கேல்லை. "அப்ப ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு நாள் கட்டினதோ சேர்?" எண்டான். அந்தக் கேள்வியில தான் முழு விசயமும் இருக்கு. ஒவ்வொரு அறையும் கட்டேக்க அந்த நேரத்துக் கடல் தண்ணியில இருந்து தான் சாமான் எடுக்குது. அந்தத் தண்ணி சூடோ குளிரோ, உப்புக் கூடவோ குறையவோ, அதின்ர அடையாளம் ஓட்டில விழுந்திடும். ஆள் செத்து ஓடு அடியில விழுந்து, அதுக்கு மேல அடையல் மூடி, ஆழ்கடலில ஆயிரம் வருசத்துக்கு ஒரு சில சென்ரிமீற்றர் எண்ட கணக்கில அடுக்கடுக்காப் போகுது. கப்பலில இருந்து நீளக் குழாயை இறக்கி அந்த அடுக்குகளைக் குலையாம எடுத்து, ஒவ்வொரு அடுக்கையும் கழுவி, நான் மேல சொன்ன அதே கறுப்புத் தட்டு, அதே ஈரப் பிறஸ், இதே மாதிரி ஆனா விலைகூடின ஒரு ஸ்டீரியோ நுணுக்குக்காட்டி, இதுகளை வைச்சு ஓட்டை ஒண்டொண்டாப் பொறுக்கிறவை. பெரிய பெரிய காலநிலைக் கண்டுபிடிப்புகளின்ர தொடக்கம் உந்தப் பொறுக்கிற வேலை தான்.

ஒட்சிசன் சமதானிக் கதை, அதாவது ஒரே ஒட்சிசனின்ர பாரம் வேறான அணுக்களின்ர கதை, பிள்ளையளுக்குப் படிப்பிக்க நல்ல கதை. 1947இல ஹரோல்ட் யூரி எண்ட இரசாயனவியலாளர் சொன்னார், ஓட்டில இருக்கிற ஒட்சிசன் 18க்கும் 16க்கும் இடைப்பட்ட விகிதம் தண்ணியின்ர வெப்பநிலையோட மாறும் எண்டு. 1955இல செசாரே எமிலியானி ஆழ்கடல் அடையலில பொறுக்கின ஃபொராம் ஓட்டில அதை அளந்து பனியுகங்கள் வந்து போனதைக் காட்டினார். பிறகு 1967இல நிக்கலஸ் ஷக்கிள்டன், மேல மிதக்கிற இனத்தையும் கடலடியில வாழுற இனத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்திட்டு, இதில பெரிய பங்கு வெப்பநிலை இல்லை, பனியின்ர அளவு எண்டார். இலேசான 16 கெதியா ஆவியாகி, மழையாகிப் பனியாகித் தரையில அடைபட்டுப் போனா, கடலில மிஞ்சுறது பாரமான 18 தானே. அப்பிடிப் பாத்தா ஒரு சின்ன ஓடு கடல் மட்டத்துக்கும் கணக்குச் சொல்லுது. 1976இல ஹேய்ஸ், இம்ப்ரி, ஷக்கிள்டன் மூண்டு பேரும் சேந்து, பூமியின்ர சுற்றுப்பாதையும் சாய்வும் மாறுறது தான் பனியுகத்தின்ர தாளம் எண்டு காட்டினவை, ஏறக்குறைய 100,000, 41,000, 23,000 வருச அலைகள். அதுக்கு எடுத்த அடையல் எங்க இருந்து? எங்கட இந்து சமுத்திரத்தின்ர தென்பகுதியில இருந்து. இதைச் சொல்லேக்க வகுப்பில நிமிந்து இருப்பினம்.

கடைசிப் பனியுகத்தின்ர உச்சத்தில, ஒரு 20,000 வருசத்துக்கு முன்னால, கடல் மட்டம் இப்பத்தையை விட ஏறக்குறைய 120 மீற்றர் கீழ. பாக்குநீரிணையின்ர ஆழம் கன இடத்தில பத்துப் பதினைஞ்சு மீற்றர் தான், அப்ப அங்கால இந்தியாக் கரைக்கு நடந்தே போயிருக்கலாம். சித்தப்பா கடல்தொழில் செய்யிறவர், இதைச் சொல்ல, "அப்ப நேவிக்காரன்ர கரைச்சல் இல்லை" எண்டார்.

அவருக்கு இன்னொரு விசயம் தான் பிடிச்சது. 2014 கடைசியிலயும் 2015 தொடக்கத்திலயும் ஜோய்டிஸ் ரெசொலூஷன் எண்ட துளையிடுற கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்து, மழைக்காற்றின்ர பழைய வரலாற்றை எடுக்க எண்டே அடையல் எடுத்தது. அதில வந்த ஃபொராம் ஓடுகளை வைச்சு 2025இல கௌஸ்துப் திருமலை எண்டவரும் கூட்டாளியளும் ஒரு கட்டுரை போட்டவை. 22,000 வருசக் கணக்கு. மழைக்காற்று மிச்சம் பலமா இருந்த காலத்திலயும், மிச்சம் பலவீனமா இருந்த காலத்திலயும், ரெண்டு முனையிலயும் விரிகுடாவில கடலின்ர விளைச்சல் விழுந்திருக்கு. மழை கூடிப்போனா ஆற்றுத் தண்ணி மேல மூடி மாதிரிப் பரவி, கீழ இருக்கிற போசணையை மேல வரவிடாது, காத்துக் குறைஞ்சா கலக்கிறதுக்கு ஆள் இல்லை. மீனுக்குச் சாப்பாடு அந்தக் கலக்கத்தில தான் வருது. சித்தப்பா "மழை கூடினா மீன் குறையும் எண்டு கப்பல் விட்டோ கண்டுபிடிக்க வேணும்" எண்டு சிரிச்சார், ஆனா பிறகு பேந்தும் நுணுக்குக்காட்டிக்கு மேல குனிஞ்சு கன நேரம் பாத்தார். கார்த்திகை மார்கழியில விரிகுடாவின்ர உப்புக் குறைஞ்ச தண்ணி எங்கட கிழக்குக் கரையால தெற்கு நோக்கி இறங்கிறது அவருக்கு அனுபவத்தில தெரியும், நான் தான் படிச்சுத் தெரிஞ்சுகொண்டனான்.

இனி முக்கியமான எச்சரிக்கை, வாங்கப் போறவைக்கு. இந்த மிஷின் வெப்பநிலை சொல்லாது. சமதானி அளக்க, அணுக்களைப் பாரத்தால பிரிச்சு அளக்கிற திணிவு நிறமாலைமானி வேணும், ஓட்டில கல்சியத்துக்கு எவ்வளவு மக்னீசியம் இருக்கு எண்டு அளந்து வெப்பநிலை கணிக்கிற முறைக்கும் வேற கருவி வேணும். ஒரு பாகை கூடினா அந்த விகிதம் ஏறக்குறைய 9 வீதம் கூடும் எண்டுறது மிதக்கிற இனங்களுக்கான கணக்கு, அதை எல்லாம் வீட்டு மேசையில செய்யேலாது. மிதக்கிற ஒரு ஓட்டின்ர பாரம் ஏறக்குறைய பத்து மைக்ரோகிராம், எங்கட கடைத் தராசில நூறு ஓட்டைப் பொறுக்கிப் போட்டாலும் முள்ளு அசையாது. அதோட, அந்த மிதக்கிற இனங்கள், குளோபிஜெரினா மாதிரி உருண்டை உருண்டையான அறை உள்ளதுகள், எங்கட கரை மணலில லேசில அம்பிடாது, அதுகள் வெளிக்கடல் ஆக்கள். கரையில கிடைக்கிறது அடித்தளத்தில வாழுற இனங்கள், அலை அடிச்சுத் தேய்ஞ்சதும், பழசும் புதுசும் கலந்ததும். கடற்கரை மணல் ஒரு புத்தகத்தின்ர ஒற்றைகளைக் கிழிச்சுக் குலுக்கின மாதிரித் தான், ஒழுங்கு வரிசையில வாசிக்கேலாது.

ஆனா கண்ணாலயே காலநிலை வாசிக்கிற வேலையும் இருக்கு எண்டதையும் சொல்ல வேணும். குளிர்க்கடலில வாழுற நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா இடப்பக்கம் சுருளும், கொஞ்சம் சூடான தண்ணியில இருக்கிற அதின்ர சொந்தக்காரர் வலப்பக்கம் சுருளுவர், அடையலில ரெண்டையும் எண்ணினாலே கடல் குளிர்ந்ததும் சூடானதும் தெரியும். அத்திலாந்திக்கில குளோபோரொட்டாலியா மெனார்டி எண்ட இனம் பனியுகத்தில காணாமப்போய்ச் சூடான காலத்தில திரும்பி வாறதை வைச்சே சமதானிக் கருவி பரவ முன்னம் கால அட்டவணை போட்டவை. அதுக்கெல்லாம் தேவைப்பட்டது நல்ல கண்ணும் பொறுமையும் இந்தத் தரத்தில ஒரு நுணுக்குக்காட்டியும் தான். 1872இல புறப்பட்டு 1876இல திரும்பின சலஞ்சர் கப்பல் கொண்டுவந்த அடையலை எச்.பி. பிறேடி பாத்து 1884இல போட்ட பெரிய ஃபொராம் அறிக்கையை இண்டைக்கும் இனம் பிரிக்கிறதுக்குத் திறந்து பாக்கினம், இன்ரநெற்றில படங்கள் கிடைக்குது, கையால கீறின படம், ஆனா எங்கட ஓட்டுக்குப் பக்கத்தில வைச்சுப் பாத்தா போட்டோவை விட அது தான் விளங்குது.

மண் எங்க அள்ளுறது எண்டு கேப்பியள். அலையடிக்கிற கரையில, களப்பின்ர விளிம்பில, ஒரு யோகட் கப் காணும், அதுக்கு மேல அள்ளித் திரியாதேங்கோ, மணல் கள்ளர் எண்டு பிடிபடவும் கூடும். தோண்டவே தோண்டாதேங்கோ. இது வன்னி, மிதிவெடி எடுத்து முடிச்ச இடம் எண்டு தெரியாத எந்த நிலத்திலயும் பிள்ளையளை மண்வெட்டியோட விடேலாது. நந்திக்கடல் கரையில மண் அள்ள மனம் வராத ஆக்களும் இஞ்ச இருக்கினம், அதை நான் வகுப்பில ஒருத்தரிட்டயும் கேக்கிறேல்லை, நாயாறு, சாலை எண்ட ஊர்ப் பக்கம் தான் போறது.

சுனாமி மண்ணைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டவ. 2004 மார்கழி 26 இந்தக் கரையை என்ன செய்தது எண்டு அவவின்ர வீட்டுக்கே தெரியும், அதால கவனமாத் தான் சொன்னன். அலை கடலடி மணலைத் தூக்கி வந்து தரையில போடேக்க அங்க வாழுற ஃபொராமையும் சேத்துக் கொண்டு வரும், எந்த ஆழத்து இனம் எண்டு பாத்தா அந்த மணல் எங்க இருந்து கிளம்பினது எண்டு சொல்லலாம். இந்தோனேசியாவின்ர அச்சேயில ஒரு கரையோரக் குகைக்க வௌவால் எச்சத்துக்கும் சுனாமி மணலுக்கும் மாறி மாறி அடுக்கு இருக்கு, 7,400 வருசத்துக்கு முன்னால இருந்து 2,900 வருசத்துக்கு முன்னால வரைக்கும் குறைஞ்சது 11 சுனாமி எண்டு 2017இல அறிக்கை வந்தது. சில நேரம் ரெண்டு சுனாமிக்கு இடையில ரெண்டாயிரம் வருச இடைவெளி, சில நேரம் நூறு வருசத்துக்குள்ளயே அடுத்தது. "அப்ப எங்களுக்கு அடுத்தது எப்ப எண்டு சொல்லேலாதோ சேர்?" எண்டா. சொல்லேலாது பிள்ளை, அந்த இடைவெளிகளே அதைத் தான் காட்டுது எண்டன்.

பராமரிப்பு. கடற்கரை ஊரில வில்லைக்கு எதிரி பூஞ்சணம். பாவிச்சு முடிய மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டியில, சப்பாத்துப் பெட்டிக்க வாற சிலிக்கா ஜெல் பைக்கற் நாலைஞ்சோட வையுங்கோ. அந்தப் பைக்கற் ஈரம் குடிச்சா வெயிலில போட்டுக் காணாது, சட்டியில மெல்லிய சூட்டில காய வைக்க வேணும். மணல் தூசி குவியம் மாத்திற பல்லுச் சக்கரத்துக்க போனா கறகறக்கும், தட்டை மேசையில வைச்சு நிரப்பிப்போட்டுப் பிறகு வில்லைக்குக் கீழ கொண்டுபோங்கோ. என்ர மிஷினில குவியத் திருகு கொஞ்சம் இளக்கம், தலை தானா மெல்ல இறங்கும், பக்கத்தில இருக்கிற வளையத்தை எதிர்ப்பக்கமா இறுக்கினா நிக்குது, புத்தகத்தில அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கரண்ட் இல்லாத நேரம் பற்றரியில எல்ஈடி எரியும், அது பெரிய உதவி. போட்டோவுக்குப் போனைப் பார்வைத்துண்டில பிடிச்சு எடுக்கலாம், கை நடுங்கும், கிளிப் ஒண்டு வாங்கினா நல்லம். பிறஸ் 000 நம்பர், கீறல் சாமான் விக்கிற கடையில. ஓட்டைத் தூக்க முனையை ஈரமாக்க வேணும், நாக்கில தொட்டு ஈரமாக்கிற பழக்கம் பொறுக்கிறவைக்கு உலகம் முழுக்க இருக்காம், களப்புச் சேறு எண்டபடியா நான் விடுறேல்லை, பக்கத்தில தண்ணி மூடி ஒண்டு. வினாகிரியை ஓடுகளுக்குக் கிட்டயே வைக்காதேங்கோ, காபனேற்று தானே, நுரைச்சுக் கரைஞ்சு போயிடும், பிள்ளையளுக்குக் காட்ட உடைஞ்ச ஓடு ஒண்டு காணும்.

காசு கொஞ்சம் கூட இருக்கு எண்டா 7இல இருந்து 45 மடங்கு வரை விட்டுவிடாம மாத்திற சூம் வகையை எடுங்கோ, மூண்டாவது குழாயும் இருந்தா கமரா பூட்டலாம், விலை மூண்டு நாலு மடங்கு வரும். பள்ளிக்கூடத்துக்கு எடுக்கிறவை அந்தக் காசில இந்த 20-40ஐ மூண்டு வாங்கிப் போடுறது தான் என்ர கணக்கில புத்தி, ஏனெண்டா ஒண்டுக்குப் பின்னால இருபது பிள்ளையள் வரிசையில நிண்டா ஒருத்தரும் ஒழுங்காப் பாக்கிறேல்லை. சாமானுக்கு அஞ்சில நாலு. குறைச்ச ஒண்டு மேல் லைற்றுக்கும் இளகின திருகுக்கும்.

வாங்க முதல் பாக்க விருப்பம் எண்டா சனிக்கிழமை பின்னேரம் வகுப்பு முடிய வாங்கோ, உங்கட பக்கத்து மணலையும் கொண்டு வாங்கோ, அலம்பில், செம்மலைப் பக்கத்து மணல் இன்னும் ஒருத்தரும் கொண்டு வரேல்லை. காய வைச்சுக் கொண்டு வந்தா அண்டைக்கே பாக்கலாம்.